மூன்று நாள் மாத்திரை

எங்கள் தெருக் காத்தாயி அக்காளிடம் கூலியைக் குறைத்து அளந்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவன் எவனும் இல்லை. நில உச்சவரம்புக்கு மேலிருந்த, பெரிய வீடு என்று ஊர் சொல்லும் பிரகதாம்பாள் வீட்டு நிலத்தில் விவசாயச் சங்கக் கொடியை நட்டதும் அவள்தான். அதற்காக ஜெயிலுக்கும் போய்வந்தாள்.

எண்பதுகளில் ஒரு நடவுக் காலத்தில் அவள் மகள் வேம்புவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை. காலையில் போனால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். நீராகாரம், வெந்தயம் எதற்கும் கேட்கவில்லை. நீர் பிரியும்போதெல்லாம் குழந்தை அழுதாள். காத்தாயி அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் மதுரம் பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் ஒரே மாத்திரைதான். பத்து நாள் கொடுப்பது வழக்கம். மூன்று நாளே போதுமா என்று இப்போது ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இஷ்டமில்லாதவர்களுக்கு வழக்கம்போல் பத்து நாள். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்பதற்கே சீட்டுப் போடுகிற ஊர், காத்தாயி சரியென்றாள்.

வேம்புவுக்கு மூன்று நாள் விழுந்தது. அதே நோவோடு பக்கத்துப் பெஞ்சில் இருந்த பிரகதாம்பாள் மகளுக்குப் பத்து. காத்தாயிக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

“கூலியிலதான் கொறைக்கிறாங்கன்னா மாத்திரையிலயுமா?”

“வேணாம்னா விட்டுடலாம்மா. பத்து நாளைக்கே தர்றேன்” என்றார் டாக்டர்.

பிரகதாம்பாள் குறுக்கிட்டாள். “எம்பொண்ணு மாத்திரையைக் கண்டாலே கொமட்டுறா. அந்த மூணு நாளை எங்களுக்குக் குடுத்துடுங்களேன்.”

“சீட்டை மாத்திக்க முடியாதுங்க.”

பெரிய வீடே கேட்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று காத்தாயிக்குப் பட்டது. மறுபேச்சில்லாமல் மூன்று நாள் மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

நாலாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. வீம்புக்குப் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிட்டோமோ என்று தவித்தாள். நடவுக்குப் போகாமல், வேம்பு ஒதுங்கும்போதெல்லாம் பின்னாலேயே போய், “எரியுதாடி?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைக்கே அலுத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து இரண்டு பிள்ளைகளுக்கும் நீர் சோதித்தார்கள். வேம்புவுக்குச் சுத்தமாக இருந்தது. காத்தாயி அங்கேயே வாய்விட்டு அழுதாள்.

பிரகதாம்பாள் மகளுக்குக் கிருமி போகவில்லை. பாதி மாத்திரையைத் துப்பியிருக்கிறாள். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குழந்தை தேம்பியது.

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“அவங்கதான் அன்னிக்கே மூணு நாள் கேட்டாங்கல்ல, டாக்டரம்மா? குடுத்தா என்னவாம்? பெரிய வீட்டுப் புள்ளன்னா வலிக்காதா?”