யாக்கோபு வரவு

கணக்கு எழுதுகிறவருக்குக் கல்லாவில் பணம் குறைந்தால் கவலை, கூடினால் பீதி. குறைந்ததைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், விஷயம் முடிந்தது. கூடியதற்கு யாராவது சொந்தக்காரன் இருந்தாக வேண்டுமே.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாகப்பன் நடத்திய இரும்பு, சிமெண்டுக் கடையில் கோதண்டம்தான் கணக்குப்பிள்ளை. காலையில் சைக்கிளில் கடன் வசூல், மாலையில் பேரேடு. அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் பாதிப் பேர் கொல்லை வழியாக வயலுக்குப் போய்விடுவார்கள். அந்த வட்டாரத்து விவசாயம் செழித்ததில் கோதண்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்தபின் கல்லாவை எண்ணினார். புத்தகத்தில் இருப்பதைவிட மூன்று ரூபாய் கூடுதல். மறைக்கத் தெரியாத மனுஷன், நேரே முதலாளியிடம் சொன்னார்.

"மூணு ரூபா கூட கீதுன்னா, எழுதாம வுட்ட வரவு எவ்ளோ? மூண மறந்து பெட்டிலயே வுட்டுட்ட. மீதி எங்க கணக்குப்புள்ள?" என்றார் நாகப்பன். இன்னொரு தபா பெட்டியும் புத்தகமும் ஒத்துவரவில்லை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை அந்த மூன்று ரூபாய் முதலாளியின் சட்டைப்பைக்குப் போனது, அது வேறு.

திருடன் என்ற பெயரோடு வெளியே போனால், தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை எந்தக் கடையிலும் பேனாவைத் தொட விடமாட்டார்கள். கோதண்டத்துக்கு அன்று தூக்கம் இல்லை.

அடுத்த வெள்ளியும் மூன்று ரூபாய் கூடியிருந்தது. எடுத்து ஒளிக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு கல்லாக் காசு வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். எவன் பெயரிலாவது எழுதித்தான் தீரவேண்டும். உயிரோடு இருக்கிறவன் பெயரில் எழுதினால், நாளைக்கு வந்து நான் எப்போது கட்டினேன் என்று வம்பு பேசுவான். அப்போதுதான் யாக்கோபு நினைவுக்கு வந்தான். பென்னலூர்க் கொத்தனார். கூரை ஷீட்டுக்கு இருபத்தொரு ரூபாய் பாக்கி வைத்துவிட்டு, போன வருஷம் காமாலையில் போய்ச் சேர்ந்தவன். உயிரோடு இருந்த காலத்தில் மூன்று மூன்றாகத்தான் கட்டுவான். அவன் பாக்கியை வராக்கடன் என்று ஒதுக்கியாயிற்று. செத்தவன் வந்து சண்டை போடப்போவதில்லை.

கோதண்டம் எழுதினார்: 'யாக்கோபு வரவு ரூ. 3.'

வரவு என்றால் பணம் வந்தது என்றும் பொருள், ஆள் வந்தார் என்றும் பொருள். கோதண்டம் முதல் பொருளில்தான் எழுதினார். அந்த வரியைப் படித்தவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாரோ.

அடுத்த வெள்ளி, மூன்று ஒற்றை ரூபாய் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தபோது விரலில் ஈர சிமெண்ட். கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினார். கணக்கு ஒத்தது. ஓர் அதட்டல் போட்டதும் கணக்கு நேராகிவிட்டதாக நாகப்பன் ஊரெல்லாம் பெருமை பேசினார்.

வாரா வாரம் பாக்கி குறைந்தது. வெள்ளி மாலைகளில் வாடிக்கைக்காரர் ஸ்டூலில் யாராவது உட்காரப் போனால் கோதண்டம், "ஆள் வருது" என்று தடுக்க ஆரம்பித்தார். பாக்கி தீர்ந்த அன்று கணக்கின் அடியில் இரட்டைக் கோடு இழுத்துவிட்டு, பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தார்.

அடுத்த வெள்ளி, மறுபடியும் மூன்று ரூபாய்.

எழுதாவிட்டால் வேலை போய்விடும். எழுதினால் கடைதான் யாக்கோபுக்குக் கடன்பட்டதாக ஆகும். எழுதினார்.

மாதக் கடைசியில் பேரேட்டைப் புரட்டிய நாகப்பன், யாக்கோபுக்குத் தர வேண்டியது பன்னிரண்டு ரூபாய் என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். கடன் கொடுத்தவன் எப்படியெல்லாம் வீட்டு வாசலில் வந்து நிற்பான் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் இல்லை.

"வசூலுக்கு வருவானே, கணக்குப்புள்ள" என்றார் மெதுவாக.

அப்போதே பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்து, யாக்கோபின் பெண்சாதி ஞானம்மாவிடம் அனுப்பினார். கோதண்டம் பட்டப்பகலில் பென்னலூருக்கு மிதித்தார். கடையில் உங்கள் வீட்டுப் பணம் நிற்கிறது என்று மட்டும் சொல்லி நீட்டினார். ஞானம்மா வாங்கவில்லை.

"நான் ஒண்ணும் கட்லீங்களே. கட்னவரு கையிலயே குடுத்துடுங்க. வெள்ளிக்கெழம வர்றாரு இல்ல?"

வெள்ளிக்கிழமை என்று கோதண்டம் வாய் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நாகப்பன் வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வருவதை நிறுத்தினார். சாவியை வை என்ற பேச்சும் நின்றது. சம்பளம்கூட ஏறியது. அந்தப் பெட்டிக்கு முன்னால் வெள்ளிக்கிழமை உட்கார வேறு யார் வருவார்கள்? வேலையைக் காப்பாற்றிக்கொள்ள கோதண்டமே சொந்தக் காசைப் போட்டிருப்பார் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் யாரும் விளக்கு வைத்தபின் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து வந்த ஒரு புது ஆடிட்டர் பேரேட்டைப் பார்த்து மலைத்துப்போனார். இவ்வளவு பணம் கடையில் விட்டு வைத்திருக்கிறாரே, யார் இந்த யாக்கோபு, பெரிய பார்ட்டியா என்று கேட்டார்.

"ரொம்ப நாணயமான ஆளுங்க" என்றார் கோதண்டம். "ஒரு வாரம் தவறமாட்டாரு."