ஐந்தரை மணி நேரம் முந்திப்போன கண் முகாம்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். மறுநாள் தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். அதற்கு டோக்கன் கொடுக்கும் ஜாவா அப்ளிகேஷனை எழுதியது நான்தான். யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதுவே மெசேஜ் அனுப்பிவிடும். காலையில் அனுப்பியும் விட்டது. அந்தப் பெருமையைக் கணவரிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

போன் அடித்தது. உதவிக்கு என்று என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பேசியவர் தாராவியில் இட்லி அவித்து விற்பவர். அவருடைய மாமியாருக்குக் கண்புரை.

"மேடம், எங்க அத்தைய காலைல அஞ்சு மணிக்கு வரச் சொல்லிருக்கு. அந்நேரத்துக்கு டாக்டரு வருவாவளா? நான் இட்லி அவிக்குத நேரம், எப்படிக் கூட்டிட்டு வர?"

லேப்டாப்பைத் திறந்தேன். பத்தரை என்றுதான் இருந்தது.

"இங்க சரியாத்தானே காட்டறது" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"ஒங்க கம்ப்யூட்டர்ல சரியா இருந்து என்ன செய்ய மேடம்? எங்க போன்ல தப்பால்லா இருக்கு."

ரோஷம் வந்தது. அதைவிட அதிகமாக, இது எப்படி என்ற ஆவல் வந்தது. பக்கத்தில் வேறு யாருக்கு என்ன நேரம் வந்திருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரருக்குக் காலை எட்டரையாம். என் பட்டியலில் அவருக்கு மதியம் இரண்டு மணி.

"அப்ப எல்லாத்துக்கும் அஞ்சரை மணி நேரம் முந்தி. மேடம், இது லண்டன் டைம்லா! எம் மக அங்க நர்ஸா இருக்கா. தெனமும் அஞ்சரையக் கழிச்சுப் பாத்துட்டுதான் போன் போடுவேன்."

எனக்குச் சுரீரென்றது. அப்ளிகேஷனையும், அதை ஓட்டும் சர்வர் மென்பொருளையும் சேர்த்து ஒரே டப்பாவாகக் கட்டித்தான் இன்டர்நெட்டில் ஏற்றுவோம்; மெசேஜ் போவது அங்கிருந்துதான். கன்டெய்னர் என்போம். நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்த டப்பாவுக்குள் உலகப் பொது நேரம்தான் ஓடும். குளிர்காலத்தில் அதுவும் லண்டன் நேரமும் ஒன்று. என் லேப்டாப்பில் ஓடியது இந்திய நேரம். கன்டெய்னருக்கும் அதையே சொல்லும் ஒரு வரியை நான் எழுதவில்லை. இருபது வருட அனுபவம் வேறு!

வரியைச் சேர்த்து, கன்டெய்னரை மறுபடி கட்டி ஏற்றக் கால் மணி நேரம் ஆனது. திருத்திய மெசேஜ் எல்லோருக்கும் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"கண்ணு தெரியாதவங்க மேடம். காலைலயே யாரையாவது வாசிக்கச் சொல்லி மனசுல வச்சிருப்பாவ. இனிமே அந்த மெசேஜ யாரு பாக்கப் போறா?"

அந்த டாக்டர் வருவது அந்த ஒரு நாள்தான். பாதிப் பேர் இருட்டில் பூட்டிய கேட் முன்னால் நிற்பார்கள். மீதிப் பேர் அந்த நேரத்தில் முடியாது என்று விட்டுவிடுவார்கள். பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் மாவு அரைப்பதை அப்படியே விட்டுவிட்டு, சந்து சந்தாகக் கூட்டிப்போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குரல் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அந்தச் சந்துகளுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

ஒரு கதவு மட்டும் பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் பட்டியலில் பத்தரைதான். போனும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல், மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட கேட்டில் போய் நின்றேன். சரியாக ஐந்துக்கு, சுவரைத் தடவித் தடவி ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டோக்கன் நம்பர் எழுதிய சீட்டு. தப்பு என்னுடையது, உங்கள் நேரம் பத்தரை என்று சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு ஏம்மா அழுத? வந்தது வந்தாச்சு, இருந்துட்டுப் போறேன்" என்று படியில் உட்கார்ந்தார்.

டாக்டர் கூப்பிடும்வரை நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விட்டுப்போன ஒரு வரி எவ்வளவு நீளம் என்பது, அன்று அந்தப் படியில் ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததால்தான் எனக்குத் தெரியும்.