மஞ்சள் துணி கட்டிய நீலப் பெட்டி

போன வாரம் எதிர்வீட்டு சாந்தி வந்தாள். "டீச்சர், பெரிய பெட்டி ஒண்ணு இருக்குமா? புள்ளைகளோட மலேசியா போறோம். நாலு நாளைக்காக ஒண்ணு வாங்கணுமான்னு பாக்குறேன்" என்றாள். எங்கள் தெருவில் பெரிய பெட்டி, இட்லிக் கொப்பரை, நீள ஏணி மூன்றும் யார் வீட்டில் இருந்தாலும் பொதுச் சொத்துதான். அதனால் அவள் கேட்டதும் தப்பில்லை, நான் உடனே தலையாட்டியதும் தப்பில்லை.

என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினார். திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. சாந்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த வாசனையில் சிங்கப்பூர் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு சிங்கப்பூர் என்றால் சென்ட் வாசனை நினைவுக்கு வரும். எனக்கு அந்துருண்டைதான், என்ன செய்வது.

நாங்கள் மூன்று பேரும் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் அது. எங்கள் ஒரே மகள் கயல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடை. அந்தக் காலத்தில் மதுரைக்காரர்கள் சிங்கப்பூர் போக வேண்டுமென்றால் திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். போகிறது மூன்று பேர், வழியனுப்ப வேன் பிடித்து வந்தது பதினோரு பேர். என் கொழுந்தன் விமான நிலைய வாசலில் கட்டுச்சோற்றைப் பிரித்து எல்லாருக்கும் புளியோதரை பரிமாறினார். போகிற நாங்கள்தான் பாதி பசியோடு உள்ளே போனோம்.

பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கயலை பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். விடியற்காலை எழுப்பி, ராத்திரி வரை படிக்க வைத்து, மார்க் வாங்க வைத்து அனுப்புவார்கள் என்று பேர். அவள் டாக்டராக வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கு விடுதி என்றாலே ஆகாது. அனுப்புவதற்கு முன்னால் அவள் மனசைக் குளிர வைக்கத்தான் இந்த சிங்கப்பூர். "நான் இங்கயே இருந்து படிக்கிறேம்மா. அம்புட்டு மார்க்கும் வாங்கிக் காட்டுறேன். என்னைய அனுப்பாத" என்று தினமும் ஒரு தடவை சொல்வாள். நான் "மொதல்ல சிங்கப்பூர் போயிட்டு வருவோம். வந்து யோசிப்போம்" என்பேன்.

யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய் அவளைச் சேர்த்துவிட்டே வந்திருந்தோம். அந்த சேர்க்கைத் தாளை எங்கே வைப்பது? பீரோவை அவள் திறப்பாள். அரிசி டின்னில்கூட அவள் கை போகும். அவள் கை போகாத ஒரே இடம் பரணில் கிடந்த இந்தப் புதுப் பெட்டி. உள்பக்கத்து ஜிப்பில் மடித்து வைத்தேன். பெட்டி எதற்காக வாங்கியது, யார் யார் துணி அதில் போகப்போகிறது என்பதெல்லாம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. பெட்டியை இறக்கித் துணி அடுக்கிய அன்றைக்கும் எட்டவில்லை. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான்.

பெட்டி தொலைந்துவிடக் கூடாதே என்று இன்னொரு காரியமும் செய்தேன். நம் பக்கத்தில் காரியம் நல்லபடியாக முடிய ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு நேர்ந்து வைப்போம் அல்லவா. மற்றவர்கள் அதைப் பூஜை அறையில் வைப்பார்கள். நான் அழகருக்கு என்று முடிந்து பெட்டியின் கைப்பிடியிலேயே கட்டிவிட்டேன். சாமி காவலுக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு. "எல்லாரும் செகப்பு ரிப்பன் கட்டுவாங்க. மஞ்சத்துணி எவ கட்டுவா, பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு.

திருச்சியிலிருந்து போகிற விமானத்தில் மஞ்சள் துணி கட்ட இன்னொருத்தி வரமாட்டாள் என்று நான் எப்படி நினைத்தேனோ.

சிங்கப்பூரில் இறங்கி, சுற்றிவரும் பட்டையில் நீலப் பெட்டியும் மஞ்சள் முடிச்சும் தெரிந்ததும் கயல்தான் ஓடிப்போய் இழுத்தாள். முடியவில்லை. அவள் அப்பா தூக்கிப் பார்த்து, "நம்ம பெட்டி இம்புட்டு கனமாவா இருந்துச்சு?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மேல பறந்துட்டு வருதுல்ல, அழுத்தம் மாறும்போது கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்" என்றேன். அவர் தலையாட்டினார். கயல் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பத்தாம் வகுப்பு இயற்பியல் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹோட்டல் அறையில் திறந்தால் மேலே நாலு வேட்டி. அதன் கீழே சுண்டவத்தல், மோர்மிளகாய், துண்டில் சுற்றிய நல்லெண்ணெய் பாட்டில், தூக்குவாளி நிறைய முறுக்கு. அடியில் பழைய புடவையில் சுற்றி ஒரு சின்ன கல் உரல். குழவியோடு. யாரோ ஒரு மகராசி கடல் தாண்டி உரல் கொண்டு வந்திருக்கிறாள். ஒட்டியிருந்த சீட்டில் பெயர் பாதி கிழிந்து போயிருந்தது. விமான நிலையத்துக்குப் போன் செய்தோம், ஹோட்டல் பேரை எழுதிக்கொண்டார்கள்.

என் புடவைகள் தனிப் பையில் இருந்ததால் நான் தப்பித்தேன். குளித்துவிட்டு வந்த கயலுக்கு என் புடவையைக் கட்டிவிட்டேன். அவள் அப்பா ஊர் பேர் தெரியாத மனிதரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, "தொவச்சுக் குடுத்துருவோம்" என்றார். கயல் இரண்டு எட்டு வைத்து, கொசுவம் அவிழ்ந்து, கட்டிலில் விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவர் "ஒண்ணே ஒண்ணு" என்று முறுக்கை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே சிங்கப்பூர் கிடந்தது. நாங்கள் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, அடுத்தவர் முறுக்கைத் தின்று, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தில் எதைப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் சுருக்கென்றது. அந்தத் தாள். அது யார் வீட்டிலோ இருக்கிறது. கயல் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பெட்டி கெடைச்சிரும்மா, அழகருக்குத்தான் முடிஞ்சிருக்கேல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் மனதுக்குள் அழகரிடம், அது கிடைக்கவே வேண்டாம் சாமி, துணிமணி போனால் போகட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டேன். ஒரே பெட்டிக்கு இரண்டு வேண்டுதல் வைத்தால் அவர்தான் என்ன செய்வார்.

முதல் வேண்டுதலைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் போன் அடித்தது. "அண்ணே, பெட்டி மாறிப்போச்சுண்ணே. ஏர்போர்ட்ல ஹோட்டல் பேரு குடுத்தாங்க, கீழதான் நிக்கிறோம்" என்றது ஒரு குரல். வாடிப்பட்டிக்காரர்கள். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், பார்க்க வந்திருக்கிறார்கள். "நீங்க மட்டும் போயி வாங்கிட்டு வாங்க" என்று நான் இவரிடம் கண்ணைக் காட்டுவதற்குள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயல் ஓடிவிட்டாள். அவளுக்கு அவள் சுடிதார் வேண்டும்.

வாடிப்பட்டி அக்கா வாய் நிறையப் பேசுகிற மனுஷி. முறுக்கு தின்றதைச் சொன்னதும் "திங்கத்தானே தங்கச்சி சுட்டது" என்றார். உரல் பத்திரமா என்று கேட்டுக்கொண்டார். மருமகள் மிக்ஸியில் அரைத்த சட்னி மகனுக்கு இறங்கவில்லையாம். பிறகு இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"எதுவும் நம்பர் இருக்குமான்னு ஜிப்பத் தொறந்தோம். இதுலதான் அண்ணன் நம்பர் போட்ருந்துச்சு. முக்கியமான பேப்பராச்சேன்னு தனியா வச்சிருந்தேன்." கயலின் கன்னத்தைத் தொட்டு, "நீதானா ஆத்தா ஹாஸ்டலுக்குப் போற புள்ள? சேத்தாச்சுன்னு சீல் வச்சிருக்கே. நல்லாப் படி" என்றார்.

கயல் தாளை வாங்கி முழுசும் படித்தாள். தேதியையும் பார்த்திருப்பாள். மடிப்பு மாறாமல் மடித்து அவள் அப்பாவிடம் கொடுத்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனாள். ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பு வந்திருக்கும், நானும் திருப்பிப் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான். நான் அரையடி தூரத்தில் நிற்கும்போதே, "அப்பா, எனக்குப் பசிக்கலன்னு சொல்லிருங்க" என்பாள். அவர் என் பக்கம் திரும்பி, "பசிக்கலையாம்" என்பார். பறவைப் பூங்காவில் நான் ஃபிளமிங்கோ ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அதைக்கூட அவர் அவளுக்கு மறு ஒலிபரப்பு செய்தார். பாவம், நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன் பேச்சை மாற்றுவதற்காக, தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் "நம்ம வண்டியூர் தெப்பக்குளம் நெறஞ்சா இதவிட நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போயிற்று.

கடைசி நாள் மாலை பெரிய ராட்டினத்தில் ஏறினோம். கண்ணாடி அறை, அரை மணி நேரம், நடுவில் இறங்க முடியாது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பாதி உயரம் போனதும் கயல் அப்பாவைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். இப்பவும் வேண்டாம்னு சொன்னா விட்ருவியா?"

அவள் அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விட்டுவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு மனசில்லை. விடமாட்டேன் என்று சொல்ல தைரியமில்லை. கீழே கடலில் வரிசையாகக் கப்பல்கள் நின்றன. "அங்க பாரு, எம்புட்டு கப்பல்" என்றேன்.

அவள் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். முட்டாள்தனம். ஜூனில் விடுதிக்குப் போனாள். நல்ல மார்க் வாங்கினாள். டாக்டருக்குப் படிக்கவில்லை. கட்டடக் கலையில் சேர்ந்துவிட்டேன் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது, கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு. டெல்லியில் வேலை கிடைத்ததும் ரயிலேறிவிட்டுத்தான் சொன்னாள். எல்லாம் அன்பாகத்தான் சொல்வாள். மாதா மாதம் வருகிறாள், எனக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வருகிறாள், என்னைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். ஒருமுறை நானே வெட்கத்தை விட்டு அந்தத் தாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா" என்று சிரித்தாள். மறந்திருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் முடித்துவிட்டுச் சொல்கிற பழக்கம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

சாந்தி பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது, அவள் பெண் பின்னாலேயே, "அம்மா, நான் கூலிங்கிளாஸ் எடுத்துக்கவா? செப்பல் ரெண்டு எடுத்துக்கவா? ஏம்மா, சொல்லும்மா" என்று நச்சரித்துக்கொண்டே போனது. சாந்தி "சும்மா வாடி" என்று அதட்டினாள்.

கயல் தன் கல்யாணத்தையும் முடிவு செய்த பிறகுதான் சொன்னாள். போட்டோ அனுப்பினாள், தேதியும் அனுப்பினாள். நல்ல பையன். நான் சல்லடை போட்டுத் தேடியிருந்தாலும் இப்படி ஒருத்தன் கிடைத்திருக்கமாட்டான். சந்தோஷமாகச் சரி என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனாலும் "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உடனே சரி என்று சொல்லியிருக்கமாட்டேன். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லி, அந்த இரண்டு நாளும் அவளை எனக்கு முன்னால் காத்துக்கொண்டு உட்கார வைத்திருப்பேன்.