சூசைநாதன் ஏற்றிவந்த வைக்கோல்

அமீனாவுக்குச் சூசைநாதன் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. வாங்கி இருபத்தேழு வருஷம். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பழைய ஆயில் இன்ஜின் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்பிய பணத்தில் அமீனா எடுத்துக் கொடுத்தது.

திருப்பிக் கொடுக்க வசதி இல்லாமலா? அந்தப் பேச்சே வேண்டாம். கூலிக்கு உப்பு வாரிய கை இன்றைக்குப் பதினாறு ஏக்கர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. மாடி வீடு, சொந்தமாக டாடா ஏஸ். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. "அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் நானு. ஒருத்தன்கிட்ட கை நீட்டல. என் காசு, என் இன்ஜினு" என்று சொல்லிச் சொல்லியே மரக்காணத்தில் பேர் வாங்கிவிட்டார் மனிதர். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் அவர் பேச்சு கடைசியில் அந்த இன்ஜினில்தான் வந்து நிற்கும். கடனைக் கொடுத்தால் கதை போச்சு. அதனால் அமீனாவின் மளிகைக்கடை இருக்கும் தெருப்பக்கமே அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. தீப்பெட்டி வாங்கக்கூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வருவார்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக்காலம் பிறந்ததும் பங்குச்சாமியார் புதிதாக ஒன்று செய்தார். குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத்தொட்டியை வெறுமையாகப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "நீங்க செய்யற நல்ல காரியம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வைக்கோல் கொண்டாந்து போடுங்க. ஆண்டவர் வர்றதுக்குள்ள மெத்தை ரெடியாகணும்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டுபோகும் முறை இந்தத் தடவை சூசைநாதனுக்கு. அதற்கென்று பட்டுச்சட்டைகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் ஒவ்வொரு துரும்பாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாரம் ஒன்றாக ஏற்றும் மெழுகுவத்திகளில் இரண்டாவது ஊதாவை ஏற்றிய ஞாயிறன்று, டாடா ஏஸ் ரிவர்ஸில் வந்து கோயில் வாசலில் நின்றது. வண்டி நிறைய வைக்கோல். எட்டுக் கட்டு.

"தொட்டி பத்தாது சாமி. பெருசா ஒண்ணு அடிச்சுத் தந்துடறேன்."

சாமியார் கட்டுகளை ஒரு முறை சுற்றிவந்தார். "இத்தனை நல்லது எப்போங்கய்யா செஞ்சீங்க?"

"என்னா சாமி அப்படிக் கேட்டுட்டீங்க? மைக் செட்டு யாரு குடுத்தது? ஃபேன் யாரு மாட்டினது? கல்லறைத் தோட்டத்துக்கு கேட்டு போட்டது யாரு?"

"அதெல்லாம் பெயிண்ட்ல எழுதியிருக்குதே. ஃபேனைப் பாத்தா உங்க பேரு சுத்துது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "செய்யாம விட்டது ஒண்ணு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டு இருக்கும் பாருங்க. அதை முடிச்சுட்டு வாங்க. ஒரே ஒரு வைக்கோல் போதும்."

எட்டுக் கட்டும் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போனது.

அந்த வாரம் முழுக்கச் சூசைநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல வரிசையில் நின்றவர், முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, "அளத்துல மோட்டார் ஓடுது" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் முழுகிக் கிடக்கும் டிசம்பரில் எந்த மோட்டார் ஓடுகிறது?

கடைசியில் மனைவி லூர்துமேரியிடம் விஷயத்தை உடைத்தார். "நீ போய்க் குடுத்துட்டு வந்துடேன். யாரு, எதுக்குன்னு ஒண்ணும் சொல்லாத."

"நல்லா இருக்குதே! வாங்கினது நீ, குடுக்கறது நானா? அப்ப கொழந்தையையும் நானே ஏந்திக்கறேன். அந்தப் பட்டுச்சட்டைய எனக்கு ஜாக்கெட்டா தைச்சுக் குடு."

போனில் அனுப்பிவிடலாமா என்று பார்த்தார். அதுவும் ஆகாது. அமீனா கடை வாசலில் உள்ள சின்னப் பெட்டி, வந்த பணத்தைத் தெருவுக்கே கூவிச் சொல்லும்.

நான்காம் ஞாயிறுக்கு முந்தின நாள், கடையில் ஆளிருக்காது என்று கணக்குப்போட்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போனார். போனால், அவருடைய அளத்திலேயே பதினைந்து வருஷமாக உப்பு வாரும் கலியமூர்த்தி வெல்லம் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

"யாரு, சூசண்ணனா?" அமீனா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கடைக்கு வழி மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"வேலை இருந்தது பாயம்மா." நோட்டுகளைச் சுருட்டிக் கல்லாப்பெட்டியோரம் வைத்தார். "இதை வச்சுக்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற காசு எனக்கு வேணாம். என்னா காசுன்னு வாயால சொல்லு, வாங்கிக்கறேன்."

சூசைநாதன் பின்னால் திரும்பினார். "ஏம்பா, வாங்கியாச்சுல்ல? கெளம்பு."

"மீதி சில்லறை வரணுங்க" என்றான் கலியமூர்த்தி. வெல்லப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நன்றாகவே நின்றான்.

அளத்தில் நாற்பது வருஷ வெயிலைத் தாங்கிய ஆளுக்கு அந்த நிழலில் வேர்த்து ஊற்றியது. கடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அந்த ஆயில் இன்ஜினு..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "நீ குடுத்த காசுல வாங்கினது. இத்தினி வருஷமா என் காசுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தப்பு."

"அட!" என்றான் கலியமூர்த்தி. "அப்ப நம்ம இன்ஜினு..."

"பாயம்மா இன்ஜினுடா. போய் ஊர் பூரா சொல்லு. நான் வேணான்னாலும் சொல்லத்தான் போற."

அமீனா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரரு மவுத்தாகறப்போகூட சொன்னாரு, சூசை குடுப்பாருன்னு. நான்தான் நம்பல."

சூசைநாதன் சட்டைப்பையிலிருந்து இன்னும் சில நோட்டை எடுத்தார். "பத்தாயிரமா வச்சுக்கயேன்" என்றார்.

"வட்டி எங்களுக்கு ஆகாது. குடுத்தது வந்தா போதும். சுருட்டிக் குடுக்காத, எண்ணிக் குடு."

கல்லாவுக்கு இந்தப்பக்கமாகக் கையை நீட்டி விரித்தாள். சூசைநாதன் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு முதல் ஐநூறை வைத்தார்.

"காதுல விழல" என்றாள் அமீனா.

"ஒண்ணு" என்றார் உரக்க. "ரெண்டு. மூணு." பன்னிரண்டு ஐநூறு போய்ச் சேர்ந்தது. அதன்மேல் நூறு, இன்னொரு நூறு, கடைசியாக ஒரு நூறு.