கடலுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு மாப்பிள்ளை வீடு

2007 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை, ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் கடலோரச் சாலையில் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கை கலாவுக்கு அங்கிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அப்பா வழியில் தூரத்துச் சொந்தம். பையன் பெயர் சேகர், வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் ரசாயனக் கம்பெனியில் நிரந்தர வேலை. "நீ மெட்ராஸ்லதானே இருக்கே, போய் வீட்டைப் பாத்துட்டு வா" என்றார் அப்பா. மெட்ராஸில் இருக்கிறேன் என்று பேர்தான். தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் ஓடுகிறவனுக்கு ராயபுரத்துக்கு வடக்கே போக வேண்டிய அவசியமே வந்ததில்லை.

காலை எட்டரைக்கு ராயபுரம் பாலத்தடியில் மூன்று ரூபாய் டீயைக் குடித்துவிட்டு பைக்கைக் கிளப்பினேன். சேகர் வீட்டுக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணியில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. காசிமேடு தாண்டியதுமே கண்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை, திருவொற்றியூர் தாண்டியும் முடியவில்லை. இடது கைப்பக்கம் கம்பெனி மதில், வலது கைப்பக்கம் லாரி, லாரி இடுக்கில் கொஞ்சம் கடல். சாலையில் இருந்த பள்ளங்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

சேகர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தேன். அதிர்ஷ்டம் பாருங்கள், அத்தனை லாரிக்கு நடுவில் சரியாகத் தெரு முனையில் நல்ல அகலமான இடம் காலியாக இருந்தது. நிம்மதியாக பைக்கை நிறுத்திப் பூட்டினேன்.

"யோவ்! வண்டிய எட்யா அங்கேர்ந்து! லாரிக்காரனே வுட்டு நிறுத்திகினு கீறான், உனுக்குக் கண்ணு தெர்ல?"

ஐம்பது வயதிருக்கும் அம்மாள், கையில் குடத்தோடு நின்றிருந்தார். நான் பதறிப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டே சேகர் வீடு எது என்று கேட்டேன். குடம் இறங்கியது. "அய்ய, திண்டிவனத்துத் தம்பியா? நான்தான் சேகர் அம்மா, தனம்" என்றார். சம்பந்தம் பேச வந்தவனுக்கு முதல் மரியாதை நன்றாகவே கிடைத்தது.

அந்தக் காலியிடத்தின் கதையை நடந்துகொண்டே சொன்னார். சுனாமி அன்றைக்கு ஜனங்கள் தெருவிலிருந்து மேற்கே ஓடிவந்தால், சாலையை அடைத்து லாரிகள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றதால் குழந்தைகளைச் சக்கரத்துக்கு நடுவே தள்ளிவிட்டுப் பின்னாலேயே தவழ்ந்து போனார்களாம். அதற்கப்புறம் டிரைவர்களோடு பேசி ஒரு ஏற்பாடு. எந்தத் தெரு முனையிலும் லாரி நிற்காது. பதிலுக்கு வரிசையில் காத்திருக்கும் டிரைவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தெருவிலிருந்து போகும். அவர் கையில் இருந்த குடம் அதற்குத்தான்.

வீட்டைப் பார்த்தேன். முன்னறை, நடுவறை, சமையல்கட்டு. சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டேன். "கடலு" என்றார் தனம்மா, கொல்லைப்புறம் என்று சொல்வதுபோல. ஒரு காலத்தில் அதற்குப் பின்னால் இன்னொரு தெருவே இருந்ததாம், அதற்கப்பால் வலை காயப்போடும் மணலாம். இப்போது சுவரை ஒட்டிக் கருங்கல் குவியல், அதில் அலை மோதுகிற சத்தம். ஒவ்வொரு மோதலுக்கும் அடுப்படிப் பாத்திரம் லேசாக அதிர்ந்தது. "கல்லு கொட்னதால நம்ம வூடு நின்னுச்சு. ஆனா வடக்கால இருக்கறவங்க கரை போவுது. கல்லு இங்க இருந்தா அலை அங்க பூந்துடுது. வருஷா வருஷம் தண்ணி ஏறிகினே கீது, நைனா." கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது நமக்கெல்லாம் அது பேரன் காலத்துப் பிரச்சினை. இங்கே அது சமையல்கட்டுக்கு வந்துவிட்டது.

காபி பாதி குடித்திருந்தேன். கம்பெனியில் சைரன் ஊதியது.

ஷிப்ட் சங்கு என்று நினைத்து நான் குடித்துக்கொண்டிருந்தேன். தனம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி, ஆன்டெனாக் கம்பியில் கட்டியிருந்த கிழிந்த சேலைத் துணியை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக் கம்பியிலும் துணி. எல்லாமே கடல் பக்கமாகப் பறந்தன. "மேக்காத்து. நம்ம பக்கம்தான் வருது" என்று சொல்லி ஒரு துண்டை நனைத்து என் முகத்தில் அழுத்தினார். அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. கழிவறைக்கு ஊற்றும் ப்ளீச்சிங் நெடி, அதைவிடப் பல மடங்கு. கண் எரிந்தது.

கேஸ் வந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டுமாம். முன்பு மணலில் வடக்கே ஓடினார்கள். இப்போது மணல் இல்லை, கல்தான். நனைந்த பாசிக் கல்லில் ஏறி, பெண்களும் பிள்ளைகளுமாக நாற்பது ஐம்பது பேர் வடக்கே நகர்ந்தோம். நான் வழுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்தது. வலது பக்கம் அலை காலைப் பிடிக்கிறது, இடது பக்கம் நெடி. எனக்கு நீச்சல் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் பட்டதில்லை. தங்கையை மறந்தேன், வந்த காரியத்தை மறந்தேன். தனம்மா மட்டும் கடலைப் பார்க்கவில்லை, அடிக்கடி திரும்பிக் கம்பெனியைப் பார்த்தார். அவர் மகன் உள்ளே இருந்தான்.

கால் மணி கழித்து நீளமாக ஒரு சங்கு ஊதியது. "முட்ஞ்சிச்சு" என்று திரும்பி நடந்தார்கள். ஒரு பெண் போகிற வழியிலேயே மதியக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டரைக்கு சேகர் வந்தான். சிவந்த கண், நல்ல சிரிப்பு. ஏதோ வால்வு கசிந்ததாம், சீக்கிரம் அடைத்துவிட்டார்களாம். சாப்பிடும்போது கேட்டேன், இப்படிப்பட்ட கம்பெனியை மூடச் சொல்லிப் போராட மாட்டீர்களா என்று.

"மூட்னா நான் எங்க போவேன், மச்சான்? இந்தத் தெருவுல பாதிப் பேரு அங்கதான் வேல செய்றோம். மீனும் முன்ன மாதிரி இல்ல. நாங்க மூடச் சொல்லல. கசியாம பாத்துக்க, தண்ணி வந்தா நாங்க உள்ள ஓடியார மதில்ல ஒரு கேட்டு வையின்னோம். வெச்சுட்டான்."

"நல்லதாச்சே!"

"பூட்டி வெச்சுகிறான். சாவி செக்யூரிட்டியாண்ட கீது. தண்ணி வந்தா மொதல்ல ஓடறவனே அவன்தான்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் வந்தால் கம்பெனிப் பக்கம், கம்பெனி கசிந்தால் கடல் பக்கம். நடுவில் என் தங்கை குடித்தனம் நடத்த வேண்டும்.

இந்த வழியாகப் போகிறவர்களுக்கு: பைக்கில் போவதானால் காலை ஏழுக்கு முன்பே கிளம்புங்கள். லாரிக்கும் மதிலுக்கும் நடுவில் புகுந்து முந்தாதீர்கள். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் போதும். ரயிலானால் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிக் கத்திவாக்கத்தில் இறங்கலாம். கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். தெரு முனையில் காலியிடம் தெரிந்தால் தயவுசெய்து அதை விட்டுவையுங்கள்.

மறுநாள் திண்டிவனம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். அப்பா, "வேலை நிரந்தரம்தானே?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கலாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். சேகரோடு போனில் பேசினாள். சம்மதம் என்றாள். தைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

போன வாரம் சீர் வாங்கக் கடைக்குப் போனோம். இரும்பு பீரோக்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பீரோ வேணாம்ண்ணா. தோள்ல மாட்டற மாதிரி கெட்டியா ஒரு பை வாங்கிக் குடு, போதும்."

"பையா? எதுக்கு?"

"ரெண்டு கையும் காலியா இருக்கணும். நாளைக்குக் கொழந்தையைத் தூக்கிட்டு ஓடணும்ல?"