ஏற்றிய கண்ணாடி

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைத் தொற்று எப்படித் தாக்குகிறது என்ற ஆராய்ச்சிக்காக அருப்புக்கோட்டை போயிருந்தபோது, அப்படித் திரும்பிய ஒரு பெண்ணின் அப்பாவைச் சந்தித்தேன். ஒட்டிய கன்னம், சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி, விசைத்தறி கொடுத்த தீராத இருமல். மகளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். இருமல் வந்தால் தெருமுனைவரை ஓடிப்போய் இருமிவிட்டு வருவார்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு உள்ள வந்து பாருங்கண்ணே" என்றேன்.

"வேணாம்மா. என் உடம்புல இருந்துதான் எடுத்து அவளுக்கு ஏத்துனாக. என் ரத்தம் அவளுக்கு ஆகுது, என் மூச்சுத்தான் ஆகாது."

அன்று மகளுக்குக் காய்ச்சல். அந்த உடம்பு லேசான காய்ச்சலைக்கூடத் தாங்காது என்பதால் உடனே அவளைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். காரில் முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது.

"நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்றார்.

நாங்கள் ஏறியதும், கார்க் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார்.

"அப்பா, நீயும் வாப்பா" என்றாள் மகள். வெளியே அது கேட்கவில்லை. என்னவென்று தெரியாமலே சரி சரி என்று தலையாட்டினார். கண்ணாடியை இறக்கச் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை.