பொறுக்கிக் கொடுத்த சாளை

சாளை மீன் எந்த மாசம் எவ்வளவு வளரும், கூட்டத்தில் குஞ்சு எத்தனை, கிழடு எத்தனை என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. வேறு யாருக்கும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சாளைக்கும் இல்லை.

மாதம் ஒருமுறை மேலப்பாளையத்தில் எங்களுக்கு வாடிக்கையான மீன்கார அக்காவிடம் நூறு மீன் வாங்குவேன். வீட்டு அடுக்களையில் நீளம் அளந்து, எடை போட்டு, மண்டையைப் பிளந்து காதுக்குள் இருக்கிற பொடிக் கல்லை எடுப்பேன். அதிலுள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரியும். மிச்சம் குழம்புக்கு.

"இந்த வீட்டுல மீனுக்குத் தலைன்னு ஒண்ணு இருந்துச்சே, எங்க போச்சு?" என்பார் வாப்பா. உம்மா என்னைக் கை காட்டுவாள்.

எட்டு மாதம் கழித்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று காட்டும் வரைபடத்தைப் பேராசிரியரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, குஞ்சையே காணோம். உங்க ஊர்ச் சாளை பிறக்கும்போதே கல்யாண வயசுலதான் பிறக்குதா?"

கடல் சூடாகிவிட்டதுதான் காரணம் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நேரே அக்காவிடம் போனேன். "பொடி மீனே வரலையாக்கா?"

"வராம என்ன, கூடை கூடையா வருது. படிக்குத புள்ளைக்குப் போயி பொடிசைக் குடுப்பனா? உனக்குன்னு பெருசாப் பொறுக்கில்லா வச்சேன்!"

எட்டு மாத ஆராய்ச்சி அவள் பாசத்தில் மூழ்கியது. இனிமேல் பொறுக்காமல் வந்தபடியே கொடுக்கச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் பை நிறைய விரல் நீளம்கூட இல்லாத பொடி. "நீ பொடிசுதான கேட்ட? காலையிலேருந்து உக்காந்து பொறுக்குனேன்" என்றாள் பெருமையாக.

அதன் பிறகு திருச்செந்தூர் பஸ் பிடித்துக் கடற்கரைக்கே போக ஆரம்பித்தேன். படகு கரையேறியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாளி அள்ளுவேன். "கண்ணத் தொறந்து எடும்மா, நல்ல மீனெல்லாம் கெடக்கு" என்று வலைக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நடத்துநர் எட்டி நின்று டிக்கெட்டை நீட்டுவார்.

ஆனால் வரைபடத்தில் குஞ்சுகள் வந்துவிட்டன. குஞ்சுகள் வளர வளர, மாதாமாதம் அவற்றின் மேடு கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூடும் வலப்பக்கம் நகர்ந்தது. மழைக்காலம் முடிந்ததும் விறுவிறுவென்று போனது. நானே சோறூட்டி வளர்த்த மாதிரி ஒரு பூரிப்பு. பேராசிரியர் "ம்" என்றார். அதுவே அவர் அகராதியில் பெரிய பாராட்டு.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதோடு கல்யாணப் பேச்சும். உம்மா சாளையைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை.